நாற்பது அடி டவரும் இருபது மீட்டர் கம்பியும்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "சார், உங்க வீட்டுக்குப் பின்னாடி நிக்குதே, அது எந்தக் கம்பெனி செல்போன் டவர்? மாசம் எவ்வளவு வாடகை தர்றாங்க?" வாடகை யாரும் தரவில்லை, இத்தனை வருஷமாக என் சம்பளத்தையும் பென்ஷனையும்தான் அது தின்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். போன மாதத்தோடு அந்தக் கேள்விக்கும் வேலை இல்லாமல் போயிற்று. டவரை இறக்கியாகிவிட்டது. அது எப்படி ஏறியது, ஏன் இறங்கியது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் தந்தி இலாகாவில் தந்தி அடிப்பவனாகச் சேர்ந்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கட்டு, கடகட என்று சவுண்டர் போடும் சத்தத்தைக் காதால் கேட்டு, கையால் எழுதும் வேலை. 1980-களில் டெலிபிரிண்டர்கள் பெருகிப் போய், மோர்ஸ் சாவி மேஜை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. கற்ற வித்தை வீணாகிறதே என்று இருந்தபோதுதான் உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஹாம் ரேடியோ பற்றிச் சொன்னார். மத்திய அரசின் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினால், வீட்டிலிருந்தே உலகத்தில் உள்ள மற்ற ஹாம்களோடு பேசலாம், மோர்ஸிலும் பேசலாம். இதில் வியாபாரம் கிடையாது, காசு கிடையாது. பொழுதுபோக்கு, கற்றுக்கொள்வது, ஆபத்து நேரத்தில் உதவுவது, அவ்வளவுதான். ராஜீவ் காந்தியே ஒரு ஹாம். அவருடைய அழைப்புக்குறி வி.யு.2.ஆர்.ஜி.

பரீட்சையில் மோர்ஸ் பகுதி எனக்குப் பால் பாயசம். ஒன்றே ஒன்றுதான் சிரமம். சவுண்டரில் டக் டக் என்று தட்டும் ஓசையைக் கேட்டே பழகிய காதுக்கு, ரேடியோவில் வரும் 'பீப்' ஓசை முதலில் வேறு பாஷை மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அதற்குப் பிறகு போலீஸ் விசாரணை. விசாரிக்க வந்த ஏட்டு, "இதை வச்சு சார் யாரோட பேசுவீங்க?" என்று கேட்டார். "யார் பதில் சொல்றாங்களோ அவங்களோட" என்றேன். அவர் அதை எப்படி எழுதினாரோ, 1986-ல் உரிமம் வந்துவிட்டது.

ரேடியோ கையில் இருந்தால் போதாது. ஏரியல் வேண்டும். ஹாம்கள் அடிக்கடி சொல்வார்கள், நூறு ரூபாய் இருந்தால் தொண்ணூறை ஏரியலில் போடு என்று. நான் முதலில் போட்டது டைபோல். இதைவிட எளிமையான ஏரியல் கிடையாது. ஒரு செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் கேபிளை இணைத்து, இரண்டு முனைகளையும் இன்சுலேட்டர் போட்டு இரண்டு பக்கம் இழுத்துக் கட்டுவது. நீளத்துக்குக் கணக்கு உண்டு. 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டரும் கொஞ்சமும். ஒவ்வொரு கைக்கும் 10 மீட்டர். சேலை காயப்போடும் கொடி மாதிரிதான் இருக்கும். எங்கள் வீட்டில் அதில் துணி காயப்போட்டதும் உண்டு.

கணக்கு சொல்லும் நீளத்தைவிட ஒரு சாண், இரண்டு சாண் கூடுதலாக வெட்டிக்கொள்வது நல்லது. பக்கத்தில் உள்ள சுவர், மரம், தரை எல்லாம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். கட்டி முடித்த பிறகு மீட்டர் வைத்து, நாம் அனுப்பும் சக்தி ஏரியலில் போகிறதா, திரும்பி வருகிறதா என்று பார்த்து, இரு முனையிலும் சமமாக மடக்கிக்கொண்டே வரவேண்டும். தையற்காரர் பேன்ட்டின் அடிமடிப்பில் கொஞ்சம் துணி விட்டு வைப்பாரே, அதே தந்திரம். வெட்டியதை ஒட்ட முடியாது.

அந்தக் கம்பியை வைத்து மூன்று வருஷம் இந்தியா முழுக்கப் பேசினேன். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் கேட்டன. ஆனால் ஆசை யாரை விட்டது? தென் அமெரிக்கா வேண்டும், ஜப்பான் வேண்டும் என்று மனம் அலைந்தது. அதற்கு 14 மெகாஹெர்ட்ஸில் யாகி ஏரியல் வேண்டும். பழைய தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடிகளில் மீன்முள் மாதிரி நின்றதே, அதுதான் யாகி. ஜப்பானில் தொஹொகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாகி, உடா என்ற இருவர் 1926-ல் வெளியிட்டது. டைபோல் இரண்டு பக்கமும் பேசும். யாகி தன் சக்தியை ஒரே திசையில் குவிக்கும். டார்ச் விளக்குக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம் மாதிரி. டி.வி. யாகி கைக்குள் அடங்கும். 14 மெகாஹெர்ட்ஸ் யாகியின் ஒவ்வொரு குழாயும் சுமார் 33 அடி! அதை உயரத்தில் நிறுத்தினால்தான் அலை தரையை உரசாமல் தாழ்வான கோணத்தில் தூரம் போகும். அரை அலைநீளமாவது உயரம் வேண்டும். அதாவது 10 மீட்டருக்கு மேல். அப்படித்தான் 40 அடி டவர் என்று முடிவாயிற்று.

கடலூரில் கடல்காற்று அடிக்கும் இடத்தில் 40 அடி டவர் என்றால் விளையாட்டு இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்கு. வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர், கேட், கிரில் செய்து பழகியவர், என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது ஏணியா, கோபுரமா?" இரண்டும்தான் என்றேன். மூன்று ஜி.ஐ. பைப்புகளை முக்கோணமாக நிறுத்தி, இடையில் கம்பியை வளைத்து வளைத்து வெல்டிங் வைத்து, 10 அடித் துண்டுகளாக நான்கு. 1989 கோடையில் வேலை முடிந்தது.

அஸ்திவாரத்துக்கு 3 அடிக்கு 3 அடி, ஆழம் 4 அடி. டவரின் அடியில் கீல் வைத்தேன், கதவுக்கு வைப்பது போல. அப்போதுதான் தேவைப்பட்டால் படுக்கவைக்கலாம். நிற்கும் டவருக்கு மூன்று பக்கம் ஸ்டே கம்பி. 20 அடியில் ஒரு வரிசை, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசை. மின்கம்பத்து ஸ்டே கம்பியில் முட்டை மாதிரி பீங்கான் இருக்குமே, அதே முட்டை இன்சுலேட்டரை இடையிடையே போட்டுக் கம்பியைத் துண்டு துண்டாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டே கம்பியே ஏரியலாக மாறி, யாகியின் வேலையைக் கெடுக்கும்.

இதில்தான் சிக்கல். ஸ்டே கம்பியின் மூன்று முளைகளில் ஒன்று கிணற்றடியில், ஒன்று மாட்டுக்கொட்டகை மூலையில். மூன்றாவது எங்கள் வேலியைத் தாண்டி, பின்வீட்டுத் தென்னந்தோப்பில் விழுந்தது. தோப்புக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போய் நின்றேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "இதனால ஊருக்கு என்னப்பா பிரயோஜனம்?" என்றார். புயல், வெள்ளம் வந்து போன் செத்துப்போனால் இது பேசும் ஐயா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை படம் போடும்போது என் டி.வி.யில கோடு வரக்கூடாது" என்று நிபந்தனை போட்டார். அதற்கென்றே ஒரு ஃபில்டர் செய்து என் டிரான்ஸ்மிட்டரில் மாட்டினேன். அவர் காலம் முடியும் வரை அந்த டி.வி.யில் கோடு வரவில்லை. முளைக்கு வாடகை என்று பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டுக் கரும்பு கொடுத்து வந்தேன்.

டவரை நிறுத்தியவர்கள் தேவனாம்பட்டினத்து மீனவர்கள். கிரேனுக்குக் காசும் இல்லை, அது உள்ளே வர வழியும் இல்லை. பட்டறைக்காரர்தான் சொன்னார்: "சார், கயிறு வேலைன்னா அவங்கதான்." எட்டுப் பேர் வந்தார்கள். டவரை வேலிக்கு அப்பால் இரண்டு தென்னை வரிசைக்கு நடுவே படுக்கவைத்தோம். அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே மின்கம்பி கிடையாது. இதை யார் செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். டவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், ஏரியலோடு சேர்த்து அளந்தாலும், மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும்.

படுத்திருக்கும் டவரைக் கயிறு கட்டி அப்படியே இழுத்தால் எழுந்திருக்காது. கயிறும் டவரும் ஒரே கோட்டில் கிடக்கும்போது இழுப்பதெல்லாம் கீலுக்குத்தான் போகும். அதனால் அடியில் 15 அடிச் சவுக்குக் கம்பம் ஒன்றை நிறுத்தி, அதன் தலை வழியாகக் கயிற்றைக் கொண்டுபோய் இழுக்க வேண்டும். நான் இதை விளக்க ஆரம்பித்ததும், அவர்களில் மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், "பாய்மரம் நிமித்துறதுதானே தம்பி, நீ தள்ளி நில்லு" என்றார். ஆறு பேர் இழுக்க, இரண்டு பேர் பக்கத்து ஸ்டே கம்பிகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஏலேலோ பாட்டோடு டவர் எழுந்தது. முழுதாக நிமிரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என் மனைவி கொல்லைப்புறக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடியே நின்றிருந்தாள்.

பிறகு எங்கள் இலாகா லைன்மேன் ஒருவர் இடுப்பு பெல்ட்டோடு ஏறி யாகியை மாட்டினார். மோட்டார் வாங்க வசதியில்லை. கீழிருந்து கயிறு கட்டித்தான் திருப்புவேன். "தேர் வடம் பிடிக்கப் போயிட்டார்" என்பாள் மனைவி. காலையில் ஜப்பான் பக்கம், மாலையில் ஐரோப்பா பக்கம். பிரேசிலில் ஒரு பல் டாக்டர் என் மோர்ஸைக் கேட்டு, நீங்கள் தந்தி ஆபீஸ்காரரா என்று கேட்டார். கை சொல்லிவிடும் போலிருக்கிறது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உயரமான பைப்பில் ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினி பார்த்த காலம் அது. தெருவில் பாதிப் பேர் நானும் அதற்குத்தான் கட்டியிருக்கிறேன் என்று நினைத்து, சினிமா பார்க்க வரலாமா என்று கேட்டார்கள்.

டவர் வளர்ப்பது மாடு வளர்ப்பது மாதிரி. தினமும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று எதையும் விடாது. ஐப்பசி மழைக்கு முன் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே அலுமினியம் பெயின்ட். கேபிள் இணைப்புகளை டேப் சுற்றி எம்-சீல் வைத்து மூட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் கேபிள் முழுக்க ஏறிவிடும். மூன்று காலுக்கும் மூன்று எர்த் குழி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி. கோடை இடி உறுமினால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன். இடிதாங்கி, எர்த் எல்லாம் இருந்தாலும் அதைவிட நிச்சயமானது அதுதான்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையார் தலைமையில் ஒரு குழு அந்தமான் போர்ட் பிளேருக்குப் போய் ஒலிபரப்பியது. அந்தமானிலிருந்து ஹாம் ஒலி வருவதே அபூர்வம் என்பதால் உலகமே காத்திருந்து பேசியது. 26-ம் தேதி சுனாமி வந்ததும், அதே குழு விளையாட்டை நிறுத்திவிட்டு, தீவுக்கும் வெளியுலகுக்கும் செய்தி கடத்த ஆரம்பித்தது. என் யாகியும் அன்று அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஆனால் என்னால் அதிக நேரம் கேட்க முடியவில்லை. தேவனாம்பட்டினத்துக்கு ஓட வேண்டியிருந்தது. டவரை நிமிர்த்திய அண்ணன் குடும்பத்தில் இருவர் போய்விட்டார்கள். அண்ணன் அதற்குப் பிறகு கடலுக்கும் போகவில்லை, எங்கள் வீட்டுப் பக்கமும் வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்து வருவேன்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கரை கடந்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே. அதற்கு முந்தின நாள், எச்சரிக்கை காரணமாகப் படகுகள் எல்லாம் கரையில். அண்ணனின் பிள்ளைகள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு தாங்களாகவே வந்தார்கள். "அப்பா அனுப்பிச்சாரு. டவரைப் படுக்கவைக்கச் சொன்னாரு." லைன்மேன் நண்பர் காற்று வலுக்கும் முன் ஏறி யாகியைக் கழற்றித் தந்தார். இருட்டுவதற்குள் டவர் தோப்பில் படுத்துவிட்டது. விடியற்காலையில் அடித்த காற்றை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தென்னை படுத்திருந்த டவர் மேலேயே விழுந்து ஒரு துண்டை வளைத்தது. இன்னொன்று மூன்றாவது முளை மேல் விழுந்திருந்தது. டவர் நின்றிருந்தால் அந்த ஸ்டே கம்பி அறுந்து, 40 அடியும் நாங்கள் படுத்திருந்த கூரை மேல் வந்திருக்கும்.

கரன்ட் இல்லை. போன் இல்லை. செல்போன் டவர்கள் டீசல் தீரும் வரை பேசிவிட்டு ஊமையாகின. என் டவரோ படுத்துக் கிடக்கிறது. கார் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு, பழைய டைபோலை முருங்கைமரக் கிளைக்கும் மாடிப்படி கைப்பிடிக்கும் இடையே 12 அடி உயரத்தில் கட்டினேன். 12 அடியில் என்ன கேட்கும் என்று தோன்றும். ஆனால் இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். தாழ்வாகக் கட்டிய டைபோல், அலையை நேரே மேலே அனுப்பும். அது வானத்தில் அயனமண்டலத்தில் பட்டு, குழாயடியில் குடத்தைக் கவிழ்த்த மாதிரி, சுற்றி 300 கிலோமீட்டருக்குள் திரும்ப விழும். சென்னையும் சேலமும் திருச்சியும் எதிரில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டன. பிரேசிலுக்கு டவர் வேண்டும். பக்கத்து ஜில்லாவுக்குக் கொடிக்கம்பி போதும்!

ஆபத்துக் காலத்தில் பிறர் செய்தியை அனுப்ப ஹாம்களுக்கு விதியில் இடம் உண்டு. தெருவில் சொல்லியனுப்பினேன். வந்தார்கள். ஒவ்வொருவரும் வெளியூரில் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை நிறையச் சொன்னார்கள். பேட்டரி தாங்காது, பத்து வார்த்தைக்குள் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் எல்லாம் தந்தியாகிவிட்டது. "அம்மா நலம். ஓடு போச்சு. பஸ் விட்டதும் வா." "பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. அழாதே." சென்னையில் இருந்த ஹாம் நண்பர் எழுதிக்கொண்டு, போன் போட்டுச் சொல்லிவிட்டு, பதிலும் கொண்டுவந்தார். மூன்று நாளில் நாற்பதுக்கு மேல். தலைமையாசிரியரும் வந்தார், கையில் குடையோடு. மகளுக்கு ஒரு செய்தி. முடிந்ததும், "பிரயோஜனம் என்னன்னு அன்னைக்குக் கேட்டேன் இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை வருஷம் கழித்து, 2013 ஜூலையில், இந்தியாவில் தந்தி சேவையே மூடப்பட்டது. நான் அனுப்பிய கடைசித் தந்திகள் அந்த மூன்று நாள் தந்திகள்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

வளைந்த துண்டை மாற்றி டவரை மறுபடி நிமிர்த்தினோம். இன்னும் பல வருஷம் நின்றது. அண்ணனும் போய்விட்டார், தலைமையாசிரியரும் போய்விட்டார். போன வருஷம் அவர் பிள்ளைகள் தோப்பை விற்றார்கள். அடுக்குமாடி வருகிறதாம். வாங்கியவர் மரியாதையாகத்தான் வந்து சொன்னார், "சார், உங்க முளை எங்க பார்க்கிங்ல வருது" என்று. முளையை மாற்றக் கட்டினால்கூட, இனி டவரைப் படுக்கவைக்க இடம் இருக்காது. அதோடு, சுத்தியலால் கால்களைத் தட்டிப் பார்த்தேன். மேல் துண்டுகள் கிண்ணென்றன. அடித் துண்டுகள் மண்பானை மாதிரி பதில் சொன்னன. வெளியே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் பைப்புக்கு உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும்.

பெங்களூரில் இருக்கும் பையன், "அப்பா, இருக்கட்டும், அப்புறம் ஆள் வச்சுப் பாத்துக்கலாம்" என்றான். அந்த 'அப்புறம்' என்பது என் காலத்துக்கு அப்புறம் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்தக் கம்பியை முதலில் தளர்த்த வேண்டும், எதைக் கடைசி வரை தொடக்கூடாது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரியாதவர்கள் யாராவது முதலில் ஸ்டே கம்பியை அறுத்துவிட்டு ஏறினால் உயிர் போகும். என் பொழுதுபோக்குக்கு இன்னொருவர் வீட்டுப் பிள்ளை விலை கொடுக்கக்கூடாது. அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் வருவதற்கு முன் இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த அன்று இரவு சாப்பாடு சரியாக இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனின் பேரன்கள் வந்தார்கள். ஒருவன் இன்ஜினியரிங் படித்தவன். தாத்தா போலவே, "நீங்க தள்ளி நில்லுங்க தாத்தா" என்றான். ஏலேலோ இல்லை, போனில் பாட்டு வைத்துக்கொண்டார்கள். ஆனால் கயிற்றை விடும் கை அதே கை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு குலுக்கல் இல்லாமல், தோப்பில் படுத்தது. இரும்புக்கடைக்காரர் அடித் துண்டுகளை எடைக்கு எடுத்துக்கொண்டார். மேல் துண்டுகள் இரண்டும் நல்ல நிலையில் இருந்ததால், புதிதாக உரிமம் வாங்கிய ஒரு மாணவருக்குக் கொடுத்தேன். முட்டை இன்சுலேட்டர்களையும் சேர்த்துத்தான். ஸ்டே கம்பி மட்டும் புதிதாக வாங்கிக்கொள், பழையதை நம்பாதே என்று சொல்லி அனுப்பினேன்.

கான்கிரீட் மேடை மட்டும் இருக்கிறது. அதை உடைக்கக் கேட்ட கூலியைக் கேட்டுவிட்டு, மனைவி அதன் மேல் துளசித் தொட்டியை வைத்துவிட்டாள்.

டைபோல் இருக்கிறது. மொட்டைமாடி பைப்புக்கும் வேப்பமரத்துக்கும் இடையே, பழைய அதே 20 மீட்டர். பிரேசில் இனி கேட்காது. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் சேலம் வருகிறது, திருச்சி வருகிறது, என்னைவிட இரண்டு வயது மூத்த சென்னை நண்பர் வருகிறார். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் போன் போட்டு விசாரிக்கிறோம். பேட்டரி ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வரட்டும். கடலூர்க்காரனுக்கு அது போதும்.